வயலில் விஷமில்லை, வாடகை வீட்டில்?

வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். கணக்குப் போட்டுப் பார்த்தால் 11 ஊர், 13 வாடகை வீடு. 2017-ல் ஓய்வு பெற்று மன்னார்குடி பக்கம் பூர்வீக நிலத்துக்கு வந்தபோது, "இனிமே வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து வாழ வேண்டாம்" என்று என் மனைவி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு ஒன்றரை வருடம்தான் தாங்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வந்தது. தென்னை போச்சு, வீட்டு ஓடும் போச்சு. பங்காளிகளுக்குள் பேசி முடித்துத் திரும்பக் கட்டுவது இழுத்துக்கொண்டே போக, அதே ஊரில் அடுத்த தெருவில் 14-வது வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். நாட்டு ஓடு, மண் சுவர், பின்னால் ஒரு முருங்கை.

இந்தக் கட்டுரை அந்த வீட்டைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வீட்டில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது.

இரண்டு கிலோ கடன்

நான்கு வருடத்துக்கு முன் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு கிலோ வாங்கினேன். அங்கே வழக்கம் தெரியுமே: இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரணும். வாழ்நாள் பூரா கடன் கொடுத்து வசூலித்தவன் நான். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, நம்பிக்கை ஒன்றுதான் ஈடு. இப்படி ஒரு கடனை வாங்கும் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒற்றை நாற்று நட்டேன், நன்றாகவே வந்தது. தை கடைசியில் அறுத்து, விதைக்கென்று நல்ல கதிராகப் பொறுக்கி 15 கிலோ எடுத்து, சாக்கில் கட்டிக் கூடத்து மூலையில் வைத்தேன். வேறு இடமில்லை. பழைய வீட்டில் பத்தாயம் இருந்தது. வாடகை வீட்டில் பத்தாயத்துக்கு எங்கே போவது?

பங்குனியில் ஒருநாள் சாக்கைத் தூக்கினேன், கீழே கொட்டியது. அடியில் ஓட்டை. பாதி உமி. மீதி எலி மூத்திரத்தில் நனைந்து நாறியது. மேலே மிச்சமிருந்ததில் அந்துப்பூச்சி பறந்தது. அள்ளியதிலிருந்து 100 மணி எடுத்து ஈரத்துணியில் முளைப்பு பார்த்தேன். 38 முளைத்தது. விதை போச்சு. கடன் மட்டும் நின்றது.

அன்றைக்கு வந்த கோபத்தில் கடைத்தெருவுக்குப் போய் எலி கேக் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து பரணில் வைத்தேன். வயலில் எட்டு வருடமாகப் பூச்சிக்கொல்லி படாமல் பார்க்கிறவன், ஆந்தை உட்காரட்டும் என்று வரப்போரம் குச்சி நட்டு வைக்கிறவன், வீட்டுக்குள் விஷம் வைத்தேன். 'இது வயல் இல்லையே, வீடுதானே' என்று ஒரு சமாதானம்.

எலி சத்தம் ஐந்தாம் நாள் நின்றது. ஆறாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆறாம் வகுப்புப் படிக்கிறவள், வாசலில் வந்து நின்றாள். "தாத்தா, மணி சாப்பிடவே மாட்டேங்குது. மூக்குல ரத்தம் வருது."

மணி அவள் வளர்த்த பூனை. கால்நடை மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கயாவது எலி மருந்து வெச்சிருக்காங்களா?" அந்த கேக்கில் இருந்தது புரோமடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாலு நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அந்த நேரத்தில் பூனைக்கோ ஆந்தைக்கோ அது சுலபமான இரை. வைட்டமின் கே ஊசி போட்டார்கள். நேரம் கடந்துவிட்டது.

அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரவு என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "வயல்ல ஒரு சொட்டு அடிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுறீங்க. நாம மூச்சு விடுற இடத்துல மட்டும் எப்படி மனசு வந்துச்சு?"

லேபிளைப் படியுங்கள்

மறுநாள் வீட்டில் இருந்த எல்லா 'மருந்தையும்' எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். கரப்பானுக்கு ஒரு ஸ்பிரே, எறும்புக்கு ஒரு சாக்பீஸ், கொசுவுக்கு ஒரு திரவம், அலமாரிக்கு அந்துருண்டை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். கடன் பத்திரம் படித்த கண்தானே.

ஸ்பிரேயில் சைபர்மெத்ரின். பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கிறார்களே, அதே பெயர். சாக்பீஸில் டெல்டாமெத்ரின், அதே குடும்பம். விசாரித்தால், கரையானுக்குச் சுவரில் துளைபோட்டு ஊற்றுவதில் குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட். கரப்பானுக்குப் பொட்டு வைக்கிற ஜெல்லில் பிப்ரோனில். எல்லாம் உரக்கடையில் பார்த்த முகங்கள். அளவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் வயலில் மழை உண்டு, வெயில் உண்டு, காற்று உண்டு, மண்ணில் நுண்ணுயிர் உண்டு. மூடிய அறையில் இவை எதுவும் இல்லை. தவழுகிற பிள்ளை தரையில் கை வைத்து அந்தக் கையை வாயில் வைக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'நாட்டு மருந்து' என்றாலே ஆபத்தில்லை என்பதும் தப்பு. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். அந்துருண்டையின் நெடி சில கைக்குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே உடைக்கும். வேப்பிலைப் புகை கொசுவை விரட்டும். இழுப்பு உள்ளவரின் நெஞ்சையும் அடைக்கும். மருந்தை மாற்றுவது அல்ல வழி. மருந்து தேவைப்படாத வீடாக மாற்றுவதுதான் வழி. வயலில் நாம் செய்வதும் அதைத்தானே?

வரப்பு வெட்டத் தெரிந்தவனுக்கு வீடு பெரிதா?

எலிக்கு வேண்டியது மூன்று: தீனி, தண்ணீர், ஒளிய இடம். வயலில் அகல வரப்பு இருந்தால் வளை போடும் என்று வரப்பைச் செதுக்கி ஒடுக்குகிறோம். தென்னையில் ஏறாமல் இருக்கத் தகரம் சுற்றுகிறோம். இதே அறிவை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு பூனையின் உயிர் தேவைப்பட்டது.

ஒரு பகல் முழுக்க வீட்டைச் சுற்றினேன். பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது 6 மில்லிமீட்டர் இருந்தால் சுண்டெலிக் குட்டி வரும். பெருவிரல் நுழைந்தால் பெரிய எலியே வரும். கதவுக்கு அடியில், சுவருக்கும் கைமரத்துக்கும் நடுவில், மின்சார ஒயர் உள்ளே வரும் துளையில், சிங்க் குழாய் வெளியேறும் இடத்தில் என்று மொத்தம் 17 ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டு நம்பர் எழுதினேன். முருங்கைக் கிளை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுதான் அவர்களின் பாலம்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். "சார், ஓட்டு வீடுன்னா எலி இருக்கத்தானே செய்யும்" என்றார். "இருக்கட்டும் தம்பி. ஆனா இந்த ஒயரைக் கடிச்சு ஷார்ட் ஆச்சுன்னா வீடு உங்களோடதுதானே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். சாமானை நான் வாங்குவது, கொத்தனார் கூலி அவர் தருவது என்று முடிவானது. வலையும் சிமெண்டும் சேர்த்து எனக்கு 640 ரூபாய்.

செய்த வேலை இவ்வளவுதான். சின்ன ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். வெறும் சிமெண்டை ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும், கம்பியைக் கடிக்காது. ஓட்டுக்கு அடியில் கால் அங்குலக் கம்பி வலை. கதவுக்கு அடியில் தகரப் பட்டை. முருங்கையைக் கூரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வெட்டினேன். விறகைச் சுவரை விட்டு நகர்த்தி, கல் மேல் அடுக்கினேன். கரையானுக்கும் அது நல்லது.

உள்ளே மாட்டிக்கொண்ட எலிகளுக்குக் கூண்டுப் பொறி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் மூன்று நாள் பொறியை ஏற்றாமல் தேங்காய்ச் சில்லும் கருவாடும் மட்டும் வைத்தேன். தின்று பழகட்டும். நான்காம் நாள் ஏற்றினேன். பத்து நாளில் ஒன்பது. எங்கள் பக்கம் வயலில் கிட்டி வைக்கிற பெரியவர் சொல்லித்தந்த இடம் இது: பொறி நடு அறையில் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டி இருக்கணும். எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். மூஞ்சூறு சிக்கினால் விட்டுவிடுங்கள். அது பூச்சி தின்னி, நம் ஆள்.

எலி எச்சம் கிடந்த இடத்தை வெறும் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். நனைத்துத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்திலிருந்து வருவது.

விதைக்கு, மூடியில் கம்பி வலை வைத்த தகர டிரம் ஒன்று செய்தேன். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, பலகை மேல். 'காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஆச்சே' என்று சிலர் கேட்கிறார்கள். துணிப்பை, சாக்கு என்றால் நெல்விதை 13 சதவீத ஈரம் வரை தாங்கும். காற்றுப் புகாமல் மூடுவதென்றால் 8 சதவீதத்துக்குக் காய்ந்திருக்கணும். நம் வெயிலில் களத்தில் காய்வதை நம்பி இறுக்கி மூடினால் விதை வெந்துவிடும். சமையல் அரிசிக்கும் பருப்புக்கும் இறுக்கமான டப்பா சரி. வசம்பு, காய்ந்த வேப்பிலை, நொச்சி போடுகிறேன். வண்டு வருவதைத் தள்ளிப்போடும். மணிக்குள் ஏற்கெனவே முட்டை இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. அதற்கு மாதம் ஒருமுறை சல்லடையும் களமும்தான். முக்கியமாக, மூன்று மாதத் தேவைக்கு மேல் வீட்டில் சேர்ப்பதில்லை.

மகள் வீட்டுக் கரப்பான்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அன்று மாலை என் மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். மூன்றாம் மாடி, வாடகை வீடு. பேரனுக்கு நாலு வயது, இழுப்பு உண்டு.

"அப்பா, இங்க கரப்பானுக்கு மாசாமாசம் ஆள் வந்து அடிச்சிட்டுப் போறாங்க. அப்படியும் குறையல. இந்தச் செய்தியப் பார்த்ததுலேர்ந்து பயமா இருக்குப்பா."

"அடுத்த மாசம் வரச் சொல்லாத. நான் வரேன்" என்றேன்.

இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து டார்ச்சோடு அடுப்படிக்குள் போனேன். ஓடியது எல்லாம் சின்ன ரகம்: வெளிர்பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். சாக்கடையிலிருந்து வரும் பெரிய செம்பழுப்பு ரகம் வேறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சின்னது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டை. பொரிக்கும் வரை தாயே சுமந்து திரியும். ஸ்பிரே அந்தக் கூட்டுக்குள் போகாது. தவிர, சைபர்மெத்ரின் வகைக்கு இந்த ரகம் எப்போதோ பழகிவிட்டது. பருத்தியில் காய்ப்புழு செய்ததைத்தான் அடுப்படியில் கரப்பான் செய்கிறது. அடிக்க அடிக்கத் தாங்குகிறது மட்டும் மிஞ்சும்.

எங்கே இருந்தது? பிரிட்ஜ் மோட்டார் சூட்டில். மிக்ஸிக்கு அடியில். அலமாரிக் கீலில். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு மாறியபோது சாமான் கட்டி வந்து லாஃப்டில் கிடந்த அட்டைப்பெட்டிகளில். ஒன்றைப் பிரித்தேன், மடிப்புக்குள் முட்டைக்கூடு வரிசையாக. பழைய வீட்டுக் கரப்பானைக் காசு கொடுத்து லாரியில் ஏற்றி வந்திருக்கிறாள்.

பெட்டிகள் அன்றே வெளியே போயின. இரவு சிங்கைக் காயத் துடைத்து விடுவது, சொட்டுகிற குழாய்க்கு வாஷர், குப்பைக் கூடை இரவில் வாசலுக்கு. கரப்பான் தீனி இல்லாமல் நாள் கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் தாங்காது. டைல்ஸ் இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தேன். குளியலறை நஹாணியில் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் கரப்பான் மேலே வராது. உபயோகிக்காத குளியலறையில் அது காய்ந்து கிடந்தது. வாரம் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவ்வளவுதான் அந்தப் பெரிய ரகத்துக்கு.

கடைசி ஆயுதமாக போரிக் பவுடர். ஒரு பங்கு பவுடர், ஒரு பங்கு மைதா, அரைப் பங்கு சர்க்கரை, பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டை. இதுவும் விஷம்தான், குழந்தை தின்னக் கூடாது. அதனால் மூடிய சின்ன டப்பாவில் ஓட்டை போட்டு, உருண்டையை உள்ளே வைத்து, பிரிட்ஜுக்குப் பின்னால் உயரத்தில் ஒட்டினேன். காற்றில் பரவாது, மெதுவாக வேலை செய்யும்.

பசை அட்டை ஒன்றை அடுப்பு மேடைக்கு அடியில் வைத்து ராத்திரிக் கணக்கு எழுதச் சொன்னேன். முதல் இரவு 46. மூன்றாம் வாரம் 19. ஆறாம் வாரம் 3. 'எத்தனை பேர் செத்தார்கள்' என்று பார்க்கவில்லை, 'எத்தனை பேர் இருக்கிறார்கள்' என்று பார்த்தோம். அந்த 3 பூஜ்யமாகவில்லை. பக்கத்து வீட்டில் அடிக்கும்போதெல்லாம் குழாய்ச் சந்து வழியாக இங்கே வருகிறது. ஒருவர் வயலில் மட்டும் எலி பிடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இப்போது அந்த மாடியில் மூன்று வீட்டாரும் சேர்ந்து செய்கிறார்கள்.

ஒன்று சொல்லணும்: கரப்பான் எச்சமும் இழுப்பைத் தூண்டும். 'மருந்து வேண்டாம்' என்று சும்மா இருப்பது தீர்வல்ல.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வங்கியில் ஒரு பாடம்: வாராக் கடன் வசூலிக்கும்போது உருவாவதில்லை, கொடுக்கும்போதே உருவாகிறது. வாடகை வீடும் அப்படித்தான். பகலில் பார்த்து மயங்காமல், இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

1. அடுப்படி அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். எண்ணெய் மக்கிய வாடை கரப்பான் கூட்டத்தின் அடையாளம். மிளகு போன்ற துகள் அதன் எச்சம்.

2. நிலைப்படி, ஜன்னல் கட்டையை விரலால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால், சுவரில் மண் கோடு ஓடினால், கரையான். குடிபோகும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

3. மொட்டைமாடித் தொட்டி மூடி, பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் போதாது. ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து பிழைக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவணும். எறும்புக்காக அலமாரிக் காலில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணமும் இதில் சேர்த்தி.

4. பழைய கட்டில், சோபா வாங்கினால் மூட்டை இடுக்கைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி நடந்து வருவதில்லை, நாமே தூக்கி வருகிறோம்.

5. பார்த்ததை எல்லாம் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். போகும்போது அட்வான்ஸில் பிடிக்காமல் இருக்க அதுதான் சாட்சி.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பராமரிப்பைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, சுண்ணாம்பு அடிப்பது, குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, பூச்சி வலை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஆக, சுவர் ஓட்டை அவருடையது, சொட்டும் குழாய் நம்முடையது. ஆனால் சட்டத்தை எடுத்ததும் நீட்டாதீர்கள். முதலில் ஓட்டையைக் காட்டுங்கள், பாதிச் செலவை ஏற்கிறேன் என்று சொல்லுங்கள். என் 14 வீட்டு அனுபவத்தில் அதுதான் அதிகம் பலித்தது.

கடன் தீர்ந்தது

விதைக் கதையை முடிக்கவில்லையே. முதல் அறுவடையின்போதே பக்கத்து ஊர் நண்பர் ஒருவருக்கு ஒரு கிலோ கொடுத்திருந்தேன். மறந்தும் போயிருந்தேன். என் கதையைக் கேட்டு அவர் தன் அறுவடையிலிருந்து மூன்று கிலோ கொண்டுவந்து கொடுத்தார். அதை விதைத்து, அறுத்து, ஒரு வருடம் தாமதமாக நான்கு கிலோவுக்கு ஆறு கிலோவாக நெல் திருவிழாவில் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கிலோ அபராத வட்டி. விதையை ஒரே வீட்டில் பூட்டி வைப்பதைவிட நாலு வீட்டில் பிரித்து வைப்பதுதான் பெரிய காப்பு என்பதும் அதில் கிடைத்த பாடம்.

இந்த வீட்டில் இப்போது எலி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு வரும். பொறி தயாராக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போது பத்தாவது. போன வருடம் ஒரு குட்டிப் பூனை எடுத்து வந்தாள். முதல்நாளே என்னிடம் வந்து கேட்டாள்: "தாத்தா, இப்ப மருந்து கிருந்து எதுவும் வெக்கலியே?"

"இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை போல. பரணில் ஏறி, தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குட்டியைக் கீழே விட்டாள்.